குட்டை சிவந்த வருஷம்

அண்ணி,

இன்று மத்தியானம் மாதவரம் பஸ் நிலையத்தில் ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நரைத்த மீசை, மடியில் காற்றடைத்துக் கட்டிய பெரிய பிளாஸ்டிக் கவர். கவருக்குள் தண்ணீர், தண்ணீர் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் துள்ளித் துள்ளி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டுக் கவரை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினார். "மீனுக்குப் போடுற பூச்சிக்கா. செவசெவன்னு கீது பாரு. இந்த மாரி எங்கயும் கெடைக்காது" என்றார். கவரின் முடிச்சிலிருந்து கசிந்த ஈரத்தில் அந்தப் பழைய வாடை இருந்தது. பாசியும் சேறும் சேர்ந்த, நம் இருவர் புடவையிலும் வருஷக்கணக்கில் போகாமல் கிடந்த வாடை.

உடனே உன்னைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டேன். உன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது என்பது பெயரைத் தேடி எடுத்த பிறகுதான் உறைத்தது.

எந்தக் குட்டையில் பிடித்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். தொழில் ரகசியம் என்று சிரித்தார். நாமும் அப்படித்தானே சொல்லிக்கொண்டு திரிந்தோம். அந்தச் சிவப்பைப் பற்றி அவருக்கு ஒன்று சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. அவருக்குச் சொல்லாமல் விட்டதை எழுத உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிகிறது, உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு ஒன்று.

நாத்தனாரும் அண்ணியும் கூட்டுச் சேர்ந்து தொழில் செய்தது திருவொற்றியூரிலிருந்து மணலி போகும் வழியில் நம் தெருவில் மட்டும்தான் இருக்கும். நீ என் அண்ணன் பெண்டாட்டி, நான் மூன்று வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். இருவருக்கும் ஒரே வயது, அதனால் முதல் நாளிலிருந்தே நீ, வா, போ. அண்ணன் மணலியில் கம்பெனி வேலைக்குப் போக, என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டப் போக, விடிந்தும் விடியாமலும் நாம் இருவரும் வலையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக் குட்டைக்குப் போய்விடுவோம். கம்பியை வளைத்து வெள்ளைத் துணி தைத்த வலை. முழங்கால் தண்ணீரில் நின்று எட்டுப் போடுவது மாதிரி அதை இழுப்பாய் நீ. நான் பக்கெட்டோடு கரையில் நிற்பேன். உனக்கு இடுப்பு வலி, எனக்குக் கை வலி, இரண்டில் எது பெரிது என்று வீடு வரைக்கும் சண்டை.

கடுகை விடச் சின்ன பூச்சி. ஒன்றைத் தனியாகப் பார்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற அளவுக்கு வெளிறிய உடம்பு. கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு மீன்குஞ்சு பிழைக்க இது வேண்டும். ஒரு ஆள் ஸ்கூட்டரில் வந்து வாங்கிக்கொண்டு போவார். அவர் வாயைத் திறந்தால் ஒரே பல்லவிதான். பூச்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கிறது, சிவப்பாக இருந்தால் கடைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான், மீனுக்கும் நிறம் ஏறும். நாமும் சிவப்பு வராதா, வராதா என்று தினமும் பக்கெட்டை எட்டி எட்டிப் பார்ப்போம்.

அப்போதுதான் நீ கால்வாய் சண்டைக்குப் போனாய். மழை வந்தால் நம் தெருவில் அடுப்பு வரைக்கும் தண்ணீர் நிற்கும். ஒரு மழையில் என் வீட்டு அரிசி டிரம்மே மிதந்துபோய் வாசல்படியில் நின்றது. நீ தெருப் பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி, மழைநீர்க் கால்வாயைக் கட்ட வைத்துத்தான் ஓய்ந்தாய். பெரியவர்களே முடியாது என்று விட்ட விஷயம். மேலே பலகைக் கல் போட்டு மூடிய கால்வாய், தெருவின் தலையில் ஆரம்பித்து நேராகக் குட்டையில் போய் விழும். திறந்த அன்று நீ அண்டா நிறையக் கேசரி கிண்டினாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அண்ணி, என் அண்ணி என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னேன்.

கால்வாய் வந்தால் தெரு சும்மா இருக்குமா. அத்தனை வீட்டிலும் செப்டிக் டேங்க் கையகலம். நிரம்பினால் லாரிக்காரரைக் கூப்பிட வேண்டும், அவர் இதோ அதோ என்பார். யார் முதலில் ஆரம்பித்தார்களோ தெரியாது, டேங்கிலிருந்து ஒரு பைப் எடுத்து ராவோடு ராவாகக் கால்வாயில் விட்டார்கள். ஒரு மாதத்தில் முக்கால்வாசி வீடு அப்படித்தான். உன் வீட்டில் அண்ணனே கடப்பாரை எடுத்து வைத்தான். என் வீட்டில் நானே நின்று வைக்கச் சொன்னேன். லாரித் தொல்லை விட்டது என்று நீயும் நானும் சந்தோஷப்பட்டோம். அதை இப்போது மறைத்து என்ன.

அந்த வெயில் காலத்தில் குட்டை சிவந்தது.

முதல் நாள் வலையைத் தூக்கியதும் நீ போட்ட கூச்சல் எனக்கு இன்னும் கேட்கிறது. "செவந்துகினு கீதுமே, பாரு, பாரு." முன்பு எட்டுப் போட்டு இழுத்தால்தான் வருகிற பூச்சி, இப்போது தண்ணீர் மேலேயே கூட்டம் கூட்டமாக நின்றது. வலைகூட வேண்டாம், கையை விட்டு அள்ளலாம் போல. ஸ்கூட்டர்காரர் நம்மைக் கும்பிடாத குறை. குட்டைக்கு அம்மன் பார்வை பட்டுவிட்டது என்றேன் நான். கால்வாய் வந்த நேரம் என்றாய் நீ. அதில் உண்மை இருந்தது, நாம் நினைத்த மாதிரி இல்லாவிட்டாலும்.

ஒரு நாள் காலை, கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒரு அம்மா பாட்டில்களும் பையுமாகக் கரையில் நின்றிருந்தார். வடசென்னையில் மிச்சமிருக்கிற குட்டைகளில் எல்லாம் தண்ணீர் எடுத்து, உள்ளே என்னென்ன வாழ்கிறது என்று பார்க்கிறாராம். நாம் போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று முறைத்தோம். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் நம் பக்கெட்டைப் பார்த்தார், முகம் வாடிவிட்டது. நீ பெருமையாக, எங்கள் குட்டைப் பூச்சி எவ்வளவு சிவப்பு பார்த்தீர்களா என்று கேட்டாய்.

"தண்ணில காத்து இல்லம்மா. மூச்சு கிடைக்காததால, கிடைக்கிற கொஞ்சத்தையும் பிடிச்சு வெச்சுக்க ரத்தத்துல சிவப்பை ஏத்திக்குது. அதனாலதான் மேலயே வந்து நிக்குது" என்றார் அவர். கழிவு சேரச் சேரக் காற்று குறையும், ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு சிவந்தாலும் பிழைக்காது என்றும் சொன்னார். பிறகு ஒரு பூச்சியைக் கண்ணாடித் துண்டில் விட்டு, கையடக்கமான ஒரு கருவி வழியாக உன்னைப் பார்க்கச் சொன்னார்.

நீ ரொம்ப நேரம் பார்த்தாய். நான் பின்னால் நின்று எனக்கும் காட்டு, எனக்கும் காட்டு என்று நச்சரித்தேன். நிமிர்ந்தபோது உன் முகம் வேறு மாதிரி இருந்தது. "முதுவுல முட்ட வெச்சிகினு கீது. நெஞ்சு படபடன்னு அட்ச்சிக்குதுமே" என்றாய். பக்கெட்டை அப்படியே தண்ணீரில் கவிழ்த்தாய். ஸ்கூட்டர்காரர் வந்து காத்திருந்து திட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ பலகைக் கல்லுக்கு இடையில் காது வைத்துக் காது வைத்து நடந்தாய். மழை இல்லாத வெயில் காலத்தில், மழைநீர்க் கால்வாயில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. உன் வீட்டு வாசலில் வந்ததும் நின்று, "என் வூட்டு பைப்பும் உள்ள கீதுல்ல" என்றாய். அவ்வளவுதான்.

இரண்டே நாளில் கொத்தனாரைக் கூட்டி வந்து உன் வீட்டுப் பைப்பை அடைத்தாய். அண்ணன் குதித்தான். பூச்சிக்காக மனுஷன் கஷ்டப்படணுமா என்று கேட்டு, ஒரு வாரம் உன்னோடு பேசாமல், ஆனால் நீ போட்ட சோற்றை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டான். நீ அதை எல்லாம் சட்டை செய்யவில்லை. வீடு வீடாக ஏறினாய். கால்வாய்க்காக உன் பின்னால் வந்த அதே பெண்கள், இப்போது உன்னைப் பார்த்தால் கதவைச் சாத்தினார்கள். அதற்கும் மேலே ஒருத்தி, "ஊருக்குச் சொல்றியே, மொதல்ல உன் நாத்தனார் வூட்ல அடைக்கச் சொல்லு" என்று கேட்டுவிட்டாள். நீ நேராக என்னிடம் வந்தாய்.

எனக்கு அந்த மாதம் வேறு கவலை. மகளைப் பெண் பார்க்க ராயபுரத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். நல்ல இடம், நானாகப் போய் நின்றாலும் கிடைக்காத இடம். பைப்பை அடைத்து, டேங்க் நிரம்பி, அந்த நேரம் பார்த்து வீடு நாறினால் என்ன ஆவது. அது முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் உன் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "அடைச்சாச்சு அண்ணி, நேத்தே ஆள் வந்து அடைச்சிட்டுப் போயிட்டான்" என்றேன்.

பொய். நான் அடைக்கவில்லை. இருபது வருஷம் உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள், உன்னிடம் சொன்ன ஒரே பெரிய பொய் அதுதான். நீ என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாய், தெரு முழுக்கச் சொல்ல.

நீ சொன்னது வேலை செய்தது, அதுதான் கொடுமை. நாத்தனார் வீட்டிலேயே அடைத்துவிட்டார்கள் என்றதும் ஒவ்வொருத்தராக இறங்கி வந்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நான் புடவைத் தலைப்பைச் சரி செய்வதுபோல் குனிந்துகொள்வேன். என் பைப் மட்டும் ஜாம் ஜாம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

பெண் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்பு, என் வீட்டுக் கக்கூஸ் எதுக்களித்தது.

ஊற்ற ஊற்ற மேலே வருகிறது. குச்சியை விட்டேன், ஆசிட் ஊற்றினேன், குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். டேங்கிலிருந்து கால்வாய்க்குப் போகிற வழியில் என்னவோ அடைத்திருக்கிறது என்று புரிந்தது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்ல. இல்லாத பைப்பில் அடைப்பு என்று யாரைக் கூப்பிட. கடைசியில் உன்னிடம்தான் ஓடி வந்தேன். நீ வந்து, மூக்கை மூடிக்கொண்டு, டாக்டர் மாதிரி எட்டிப் பார்த்தாய். "டேங்கு நெரம்பிச்சி போல. பைப்பத்தான் அட்ச்சிட்டியே, வேற எங்க போவும்? லாரிய கூப்டு" என்றாய். முகத்தில் ஒரு சுளிப்பு, ஒரு சிரிப்பு கிடையாது.

லாரி வந்து உறிஞ்சியது. நீ டிரைவரை நிற்க வைத்து, இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாய் என்று போலீஸ்காரர் மாதிரி கேட்டாய். கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு என்றார். நிஜமாகவா என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் விட்டாய். அப்புறம் ஒரு நாள் முழுக்க என்னோடு இருந்து வீட்டைக் கழுவினாய்.

ராயபுரத்துக்காரர்கள் வந்தார்கள். பஜ்ஜியும் காபியும் நீதான் கொண்டுவந்து வைத்தாய். பையனின் அம்மா தெரு சுத்தமாக இருக்கிறதே என்று சொன்னதும், நீ என் தோளில் கை வைத்து, "எல்லாம் எங்க நாத்தனாராலதான். தெருவுலயே மொதல்ல பைப்ப அட்ச்சது இவதான். சொன்னா சொன்ன வாக்கு" என்றாய். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே சம்பந்தம் முடிந்துவிட்டது. நான் பஜ்ஜித் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இனிமேலும் தாங்காது என்று அடுத்த வாரமே, நீ அம்மா வீட்டுக்கு வியாசர்பாடிக்குப் போன நாள் பார்த்து, கொத்தனாரைக் கூப்பிட்டேன். பைப்பை நிரந்தரமாக அடைத்துவிட்டு, டேங்கைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கட்டச் சொன்னேன். அவர் கால்வாய்ப் பலகைக் கல்லை நெம்பித் தூக்கி, பைப் வாயில் கையை விட்டார். இழுத்தார், வந்துகொண்டே இருந்தது. சிமெண்ட் சாக்கு ஒன்று, அதைச் சுற்றி இறுக்கிச் சுருட்டிய துணி. "யாரோ நைட்டியச் சுத்தி அட்ச்சிகீறாங்கக்கா" என்றார்.

மஞ்சளில் ஊதாப்பூப் போட்ட நைட்டி. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு பொங்கலுக்கு நான் உனக்கு எடுத்துக் கொடுத்தது.

எலி வராமல் இருக்க நாங்கள்தான் வைத்தோம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். சம்பந்திகள் வருகிற நேரத்தில் என் கக்கூஸை அடைத்திருக்கிறாள், நான் கொடுத்த நைட்டியாலேயே அடைத்திருக்கிறாள், பிறகு வந்து ஒன்றும் தெரியாதவள் போல எட்டியும் பார்த்திருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நீ மூக்கை மூடிக்கொண்டு நின்ற கோலம் கண்ணில் வந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. என் தோளில் கை வைத்து சொன்னா சொன்ன வாக்கு என்று நீ சொன்னபோது, உனக்கு எல்லாம் தெரியும். ராயபுரத்துக்காரர்கள் முன்னால் என்னை உயர்த்தி வைத்தபோதும் தெரியும். ஒரு வார்த்தையில் என்னைத் தெருவில் நிறுத்தியிருக்கலாம். நீ செய்யவில்லை.

சாயங்காலம் நீ வந்தாய். வாசலில் ஈரம் காயாத புதுப் பூச்சைப் பார்த்து, "இன்னாமே, கொத்தனாரு வந்தாரா?" என்றாய். படி உடைந்திருந்தது, பூசினோம் என்றேன். நீ குனிந்து பார்த்து, "நல்லா பூசிகீறாரு" என்று சொல்லிவிட்டு, காபி போடு என்று உள்ளே வந்துவிட்டாய். அவ்வளவுதான் நாம் அதைப் பற்றிப் பேசியது.

குட்டை உடனே தேறவில்லை. அந்த வெயிலில் சிவப்பும் போய், பூச்சியே இல்லாமல் கறுத்துக் கிடந்தது. நீ தினமும் வெறும் வலையை நனைத்துக்கொண்டு திரும்புவாய். முழுக்கச் செத்துவிட்டது என்று நான் சொன்னால் உனக்குக் கோபம் வரும். கல்லூரி அம்மாவை எங்கோ பிடித்துக் கேட்டு வந்தாய். சேற்றில் அதன் முட்டை கிடக்குமாம், வருஷக்கணக்கில் கிடக்குமாம், தண்ணீர் சரியானால் பொரிக்குமாம். இரண்டு மழை போயிற்று. தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தது. மூன்றாவது மழைக்குப் பிறகு ஒரு காலையில் வலையைத் தூக்கி, கண்ணாடி டம்ளரில் ஊற்றி என் முகத்துக்கு நேராக நீட்டினாய். தூசி மாதிரி நாலைந்து, வெளிறிய பூச்சிகள். நீ தண்ணீரில் நின்றுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாய், என் புடவை முழுக்க நனைந்தது.

ஸ்கூட்டர்காரர் வந்து பார்த்து, வெளுத்துப் போச்சே என்று உதட்டைப் பிதுக்கினார். வெளுத்தால்தான் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் போ என்றாய். அவர் கொஞ்ச நாளில் டப்பாவில் வருகிற தீனிக்கு மாறிவிட்டார். நாம் கவலைப்படவில்லை. பிடிக்காமலே போய்க் கரையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிற பழக்கம் அப்போது வந்ததுதான், நீ படுக்கிற வரைக்கும் விடவில்லை. என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று யாராவது கேட்டால் அந்தக் கரையைத்தான் சொல்வேன்.

இப்போது தெருக்கோடியில் ஒரு மாடி வீடு வந்திருக்கிறது. எண்ணூரிலிருந்து வந்த குடும்பம், அந்தப் பெண் கெட்டிக்காரி. பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லிக் கால்வாயில் பைப் விட்டிருக்கிறாள். போன மாதம் டம்ளரில் தண்ணீர் எடுத்துப் பார்த்தேன், பூச்சியில் லேசாகச் சிவப்பு தட்டியிருந்தது. நேராகப் போய்க் கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், அடைச்சாச்சுக்கா, நேத்தே அடைச்சாச்சு என்றாள். அந்த முகம் எனக்குத் தெரியாதா, அண்ணி. அது என் முகம்தானே.

முன்பு போல் இருந்தால் பலகைக் கல்லைத் தூக்கிக் காட்டி, தெருவைக் கூட்டி, அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று நீயே சொல்வாய். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, ரொம்ப சந்தோஷம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள், அவளும் நின்றாள். அவள் தோளில் கை வைத்து, "புதுசா வந்தவ, ஆனா சொன்ன ஒடனே பைப்ப அடைச்சுட்டா. சொன்னா சொன்ன வாக்கு" என்றேன். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் புடவைத் தலைப்பைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

நேற்றுக் காலை குட்டைக்குப் போகிற வழியில், அவள் வீட்டு வாசலில் கொத்தனார் உட்கார்ந்து சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்ததும், படி உடைஞ்சிருந்துச்சுக்கா, பூசறோம் என்றாள்.

நல்லா பூசச் சொல்லும்மா என்று சொல்லிவிட்டு நடந்தேன்.